இறங்கவிடாத வெளிச்சவீடு

இந்தக் காலத்துச் சனத்துக்கு ஒன்றையும் நின்று பார்க்கத் தெரியாது. ஓடி வருவார்கள், ஃபோனைத் தூக்குவார்கள், முதுகைக் காட்டிக்கொண்டு பல்லைக் காட்டுவார்கள், போய்விடுவார்கள். எதற்கு வந்தோம், பின்னால் நின்றது மலையா மாடா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஹோம்புஷ் அருளம்பலம் அப்படியான ஆள் இல்லை. அவர் எதையும் நின்று, தட்டி, சுரண்டி, இரண்டு தரம் சந்தேகப்பட்டுத்தான் நம்புவார், பல வேளை அதற்குப் பிறகும் நம்பமாட்டார். அதனால்தான் சிட்னியின் கடலோரத்து வெளிச்சவீட்டில் ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை அவரோடு ஏறிய எல்லாரும் பத்து நிமிடத்தில் இறங்கிவிட, அவருக்கு மட்டும் இறங்க மூன்று வருடம் எடுத்தது.

அருளம்பலம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். லொறி ஓட்டியவர். லொறியை இரவில் நிறுத்தினால் பற்றரியைக் கழற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தவர். மகன் சுகிர்தன் ஸ்பொன்சர் பண்ணி எடுத்த பிறகும் அந்தக் குணம் கப்பலேறி வந்துவிட்டது. ஹோம்புஷில் ஏழாம் மாடி ஃப்ளாட். கதவுக்கும் லிஃப்ட்டுக்கும் சாவிக்குப் பதிலாகத் தேய்க்கிற கறுப்பு வில்லை ஒன்றே ஒன்றைத்தான் மகன் தாய்க்கும் தகப்பனுக்குமாகக் கொடுத்திருந்தான். அது அருளம்பலத்தின் இடுப்பு நூலில் தொங்கியது. அவர் காலையில் நடக்கப் போனால் மனுசி சிவனேஸ்வரி வீட்டுக்குள். அவர் மத்தியானம் நித்திரை கொண்டால் மனுசி வீட்டுக்குள். அவளுக்கு முழங்கால் வருத்தம், வெளியே போய் என்ன செய்யப் போகிறாள் என்பது அவர் கணக்கு. அவளும் பல்கனியில் கதிரையைப் போட்டு, கீழே போகிற ரயில்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த ரயில் எங்கே நிற்கும் என்று அவளுக்கு மனப்பாடம். ஒன்றிலும் தனியாக ஏறியதில்லை.

அந்த ஞாயிறு காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, சுகிர்தன் எல்லாரையும் காரில் அடைத்துக்கொண்டு கடல் பார்க்கக் கூட்டிப்போனான். வெளிச்சவீடு பழையது. கப்பல்களுக்கெல்லாம் இப்போது வேறு கருவிகள் வந்துவிட்டதால், விளக்கைச் சனத்துக்குக் காட்டுவதற்கு மட்டும் பகலில் எரித்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளமில்லாமல் சும்மா வந்து வழிகாட்டுகிற சுதர்சன் என்ற கோயம்புத்தூர்ப் பெடியன் முன்னால் ஏறினான், மற்ற நாளில் ஏதோ கம்பியூட்டர் வேலை. சிவனேஸ்வரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே புல்லில் இருந்துவிட்டாள். அருளம்பலம் வாசலில் செருப்பைக் கழற்றினார். அத்தனை பேரில் செருப்பைக் கழற்றியவர் அவர் ஒருவர்தான்.

மேலே ஆள் உயரத்துக்குக் கண்ணாடி, அடுக்கடுக்காக, நடுவில் ஒரு குமிழ். சுதர்சன் விளக்கிக்கொண்டிருக்கும்போதே குமிழ் ஒரு தரம் துடித்து அணைந்துபோனது. கரண்ட் போயிட்டுது என்று சொல்லி எல்லாரும் இறங்கத் தொடங்கினார்கள். அருளம்பலம் இறங்கவில்லை. எரிகிற விளக்கு ஒன்று கண்முன்னால் அணைந்து நூர, அதை அப்படியே விட்டுவிட்டுப் போகிற பழக்கம் அவருடைய வீட்டில் இல்லை. பொக்கற்றில் கோயிலில் மிஞ்சிய கற்பூரக் கட்டி ஒன்று கிடந்தது, நெருப்புப் பெட்டியும் கிடந்தது. கண்ணாடிக்குள்ளே கையை விட்டு, குமிழுக்குப் பக்கத்துப் பித்தளைத் தட்டில் வைத்துக் கொளுத்தினார்.

"அங்கிள், தொடாதீங்க! அது ஹெரிடேஜ்!" என்று சுதர்சன் படியில் நின்று கத்தினான்.

"ஹெரிடேஜோ கிரிடேஜோ, விளக்கு நூந்து கிடக்கு. உனக்குக் கண் தெரியேல்லையே தம்பி?"

கும்பிட்டார், மூன்று தரம் சுற்றினார், இறங்கினார். படி வளைந்து வளைந்து போனது. சுவரில் ஒரு சின்ன ஜன்னல் வந்தது, அதனூடாகக் கீழே தன் செருப்பைக் கண்டார். கடைசிப் படியில் கதவு. திறந்தார். உள்ளே ஆள் உயரக் கண்ணாடி, நடுவில் அவருடைய கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

முதலில் தான் தவறுதலாக ஏறிவிட்டதாக நினைத்தார். திரும்ப இறங்கினார். திரும்ப விளக்கறை. தோளில் கிடந்த சால்வையைக் கைபிடிக் கம்பியில் கட்டிவிட்டு இறங்கினார். சால்வை தலைக்கு மேலே போய் மறைந்தது, கொஞ்ச நேரத்தில் காலுக்குக் கீழே வந்தது. முடிச்சு அவர் போட்ட முடிச்சுத்தான். அருளம்பலம் சுவரைத் தட்டிப் பார்த்தார். கட்டின கொந்திராத்துக்காரன் படியில் ஏதோ கள்ளவேலை செய்திருக்கிறான் என்று தீர்மானித்தார். அந்தத் தீர்மானத்திலிருந்து அவர் கடைசிவரை மாறவில்லை.

சுகிர்தன் ஏறி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். பாதி வழியில் மகனின் கை அவருடைய கைக்குள் இல்லாமல் போனது. மகன் கீழே, அவர் மேலே. நெருப்பணைக்கும் படை வந்து ஏணி வைத்தது. ஏணியிலும் அவர் இறங்கிப் போய் விளக்கறைக்குத்தான் வந்தார். பழைய கட்டடங்களைப் பார்க்கிற அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள், அளந்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், எந்தக் கரைச்சலும் இல்லாமல் இறங்கிப் போனார்கள். கட்டடமும் அதோடு பிரிக்க முடியாதபடி பொருந்திய எல்லாமும் பாதுகாக்கப்பட்டவை, ஆகவே அருளம்பலத்தை அனுமதியின்றி அகற்றவோ வெள்ளையடிக்கவோ கூடாது என்று பிறகு முடிவு வந்தது. விசா அலுவலும் சிக்கலாகவில்லை. அவரிடம் இருந்தது நிரந்தர விசா வரும்வரை வயதான பெற்றோருக்குக் கொடுக்கிற பிரிட்ஜிங் விசா. அது உள்ளவர்கள் எப்படியும் வருடக்கணக்காக நடுவில்தான் நிற்கிறார்கள், எந்த உயரத்தில் நிற்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

விளக்கறைக்குக் கீழ்த்தட்டில் பழைய காவலாளுக்குக் கட்டின ஒரு சின்ன அறையும் தண்ணீர்க் குழாயும் கக்கூசும் இருந்தன. அதுவரை இறங்கலாம். அதற்குக் கீழே இறங்கினால் மேலே. சுதர்சன் ஒரு வாளியும் நீளக் கயிறும் கொண்டுவந்து, விளக்கறையைச் சுற்றியிருந்த வெளித்தட்டுக் கம்பியில் கட்டிக்கொடுத்தான். அந்த வாளியில் முதன்முதல் மேலே ஏறியது சிவனேஸ்வரி கொடுத்த இடியப்பப் பெட்டி. முதன்முதல் கீழே இறங்கியது அருளம்பலத்தின் இடுப்பிலிருந்த கறுப்பு வில்லை. அது இல்லாமல் மனுசி வீட்டுக்குள் போக ஏலாது என்று மகன் சொன்ன பிறகும் அவர் அரைநாள் யோசித்தார். இறக்கும்போது மேலே நின்று, "கவனம், துலைச்சுப்போடாதை! ஒருத்தற்ற கையிலயும் குடுக்காதை!" என்று கயிறு முடியும்வரை கத்திக்கொண்டிருந்தார்.

இரண்டாம் கிழமைதான் அவர் கண்ணாடியின் மறுபக்கத்தைச் சரியாகப் பார்த்தார். நிலத்துப் பக்கம் பார்த்தால் சிட்னி: வீடுகள், கார் நிறுத்துகிற இடம், புல்லில் நாய்க்காரர்கள். கடல் பக்கம் பார்த்தால் இந்தக் கடல் இல்லை. பச்சை மலைகள் வளைத்த ஒரு குடா, சிவப்புக் கூரைகள், குடாவின் வாயில் கற்பாறைகள். இங்கே காலை பத்து மணி, அங்கே விளக்கு வைத்த பொழுது. சுதர்சன் ஃபோனில் தேடிப் படத்தைக் காட்டினான். கரீபியன் தீவொன்றின் துறைமுகமாம். அங்கேயும் ஒரு பழைய வெளிச்சவீடு, புயலில் தலை பறந்துபோய் மொட்டையாக நிற்கிறதாம். ஆனால் அவர் கற்பூரம் கொளுத்திய அந்த ஞாயிறு தொடங்கி இரவிரவாக அதன் உச்சியில் வெளிச்சம் விழுகிறது, கப்பல்கள் அதைப் பார்த்துத்தான் உள்ளே வருகின்றன, அந்த ஊர்ச் சனம் அதைப் பற்றி ஒரு கிழமை கதைத்துவிட்டு விட்டுவிட்டது.

"ரீவி," என்றார் அருளம்பலம். "கண்ணாடிக்குப் பின்னால ரீவி பூட்டியிருக்கிறாங்கள்."

ரீவி என்றால் மழைக்கு நனையாது. அந்தப் பக்கக் கண்ணாடி நனைந்தது. காற்றடிக்கும்போது சாதிக்காய் வாசம் வந்தது. உடும்பளவு பச்சை ஓணான் ஒன்று எங்கிருந்தோ ஏறி வந்து, தட்டோரத்தில் வெயில் காய்ந்தது. அவர் துடைப்பத்தால் துரத்த, அது மறுநாள் திரும்ப வந்தது. உள்ளே வருகிற ஒவ்வொரு கப்பலும் பாறைகளைத் தாண்டியதும் ஒரு தரம் ஊதியது. யாருக்கு ஊதுகிறான்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. தனக்கென்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

கற்பூரம் கரையவில்லை. மூன்று வருடமும் அந்தச் சின்னக் கட்டி அப்படியே இருந்து எரிந்தது. ஆனால் ஒருவரும் பக்கத்தில் இல்லாவிட்டால் சுடர் துவண்டது. அவர் கீழறையில் அதிக நேரம் படுத்துவிட்டால் மேலே கப்பல்கள் குழம்பி ஊதுகிற சத்தம் கேட்கும், எழும்பி வந்து திட்டிக்கொண்டு பக்கத்தில் கதிரையைப் போட்டு இருப்பார். பார்க்க வருகிற சனம் எத்தனையோ. யாராவது ஒருவரை, இதைக் கொஞ்சம் பார்த்துக்கொள், நான் காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று அவர் சொன்னதில்லை. சுதர்சன் தானாகவே கேட்டுப் பார்த்தான். "நீ கொம்பியூட்டரைப் பார்" என்று சொல்லிவிட்டார். இருக்கிற இடம் நாலு எட்டு நடக்கிற அளவு. பகலில் முகத்தின் ஒரு பக்கம் சிட்னி வெயில், மறுபக்கம் அந்தத் தீவின் இரவு. வருடம் போகப் போக ஒரு கன்னம் கறுத்து மற்றக் கன்னம் வெளுத்தது. கனவிலும் படிதான் வந்தது. சில நாட்களில் கீழே கிடக்கிற தன் செருப்பை ஜன்னலால் பார்த்தபடி நிற்பார். சிவனேஸ்வரி வருகிறபோதெல்லாம் அந்தச் செருப்பைத் தட்டி, சோடி சேர்த்து வைத்துவிட்டுப் போவாள்.

அவள் வரத் தொடங்கியதுதான் அவருக்குப் பெரிய சந்தேகம். முதல் இரண்டு மாதம் மகன் காரில் கொண்டுவந்தான். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை புல்லில் தனியாக நின்றாள்.

"ஆரோட வந்தனி?" என்று மேலேயிருந்து கேட்டார்.

"ஆரோடயும் இல்லை. ரயில். பிறகு பஸ்."

"பொய்!"

"ஓம், பொய். பறந்து வந்தனான். வாளியை இறக்குங்கோ, சொதி ஆறப்போகுது."

அதற்குப் பிறகு அவள் ஹோம்புஷ் சாப்பாட்டுக் கடையொன்றில் காலையில் ரோல்ஸ் சுற்றப் போனாள். பிளாக்டவுனுக்கு மலிவு மரக்கறி வாங்கப் போனாள். ஸ்ட்ராத்ஃபீல்டில் வழி தெரியாமல் நின்ற பெடியனுக்கு எந்த மேடையில் ரயில் வரும் என்று அவள் சொல்லிக்கொடுத்ததாக மருமகள் பிரவீணா, மகன் வாளியில் ஏற்றிவிட்ட ஃபோனில் சிரித்துச் சொன்னாள். அருளம்பலம் சிரிக்கவில்லை. அவர் கீழே பார்த்தார், புல்லில் நின்ற மனுசி சின்ன விரலளவு. முகம் தெரியவில்லை. உச்சிதான் தெரிந்தது, அது நரைத்துக்கொண்டு வந்தது. நாற்பது வருடம் பக்கத்தில் இருந்தபோது முகத்தைப் பெரிதாகப் பார்த்ததில்லை. இப்போது பார்க்க வேண்டும்போல் இருந்தது. அதை எப்படி அவ்வளவு உயரத்திலிருந்து கத்திச் சொல்வது? "சாறிக் கரை மண்ணில இழுபடுது!" என்று கத்தினார்.

மூன்றாம் வருடம் அவளுக்கு முழங்கால் ஒப்பரேசனுக்குத் திகதி கொடுத்தார்கள். இரண்டு காலும். அவருக்கு டாக்குத்தர்மாரில் அறவே நம்பிக்கை இல்லை, மயக்கிப்போட்டு என்ன செய்வார்கள் என்று ஆருக்குத் தெரியும், பக்கத்தில் ஒரு ஆள் கண்ணை விழித்துக்கொண்டு இருக்க வேண்டாமா? அந்தக் காலை அவர் இறங்கினார். விளக்கறை. மறுபடி இறங்கினார். ஓடி இறங்கினார், இருந்து இருந்து இறங்கினார், கண்ணை மூடிக்கொண்டு, பின்பக்கமாக, முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு, பிறகு முருகனையும் திட்டிக்கொண்டு. ஒவ்வொரு தரமும் கதவைத் திறந்தால் அந்த மஞ்சள் வெளிச்சம் அவரை வா என்றது. களைத்துப்போய் நிலத்தில் இருந்தபோதுதான், எல்லாத்துக்கும் காரணம் இந்தக் கட்டிதான், இதை நூர்த்தால் படி இறங்க விடும் என்று தோன்றியது. துவாயைக் குழாயில் நனைத்துக் கொண்டுவந்தார்.

துவாயை விரித்து விளக்குக்கு முன்னால் பிடித்தார். கடல் பக்கம் ஒரு பெரிய படகு வந்துகொண்டிருந்தது. ஏதோ திருவிழாவுக்குப் போய்த் திரும்புகிறவர்கள், தட்டு முழுக்கச் சனம், கலர் பல்புகள், மேளச் சத்தம் கண்ணாடியிலே அதிர்ந்தது. வெளிச்சம் மறைந்ததும் படகு ஒரு கணம் நின்று யோசித்தாற்போல் ஆடியது. பிறகு மெல்லப் பாறைப் பக்கம் தலையைத் திருப்பியது. மேளம் நின்றது. ஊதினார்கள். திரும்பத் திரும்ப ஊதினார்கள். அருளம்பலத்தின் கையில் துவாய் சொட்டிக்கொண்டிருந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோகிற நேரம். துவாயைக் கட்டியில் ஒரு தரம் அமர்த்தினால் போதும், நூர்ந்துவிடும்.

துவாயை இழுத்து நிலத்தில் எறிந்தார். படகு திரும்பியது, பாறையை உரசுகிற மாதிரித் தாண்டி உள்ளே போனது.

"ரீவியில நடக்கிறதுக்காக இல்லை, துவாய் எரிஞ்சுபோடும் எண்டுதான் எடுத்தனான்," என்று தனக்குத் தானே சொல்லிவிட்டு, சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். பின்னேரம் மகன் ஃபோன் எடுத்து, அம்மா முழிச்சிட்டா, தேத்தண்ணி கேட்கிறா என்றான். "கேட்டது அவதானோ? வடிவாப் பாத்தியோ?" என்று கேட்டார்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம், படியில் காலடி கேட்டது. ஒரு காலடி, ஒரு மூச்சு, ஒரு காலடி. சுற்றுலாக்காரர் அப்படி ஏறுவதில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு சிவனேஸ்வரி வந்து நின்றாள். வியர்வையைச் சாறித் தலைப்பால் துடைத்தாள். அருளம்பலம் அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

"ஒரு பக்கம் கறுத்துப்போனியள்," என்றாள்.

"உனக்கு இரும்புக்கால் எண்டாங்கள். ஏறி வந்திட்டாய்?"

"இரும்பில்லை, டைட்டேனியம்."

"எல்லாம் இரும்புதான். பேரை மாத்திச் சொல்லி ஏமாத்துறாங்கள். இரு, கதிரையில இரு."

அவள் இருந்தாள். கற்பூரத்தைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள், ஓணானைப் பார்த்தாள். ஓணான் அவளைப் பார்த்தது. ஒரு கப்பல் ஊதியது. "ஆ, இதுதானே ஃபோனில கேக்கிறது," என்று சொல்லி, கப்பலுக்குக் கையைக் காட்டினாள். கப்பல் இன்னொரு தரம் ஊதியது. மூன்று வருடத்தில், கையைக் காட்டியதற்கு இரண்டாம் தரம் ஊதிய கப்பலை அருளம்பலம் அன்றுதான் கேட்டார்.

"என்ர ஹாண்ட்பாக் கீழ அந்தச் சுதர்சன் தம்பியிட்ட. மருந்துக் குளிசை அதுக்குள்ள. குளிசை போடுற நேரம். போய் எடுத்துக்கொண்டு வாங்கோ."

"வாளியில ஏத்துவம்."

"வாளியில குளிசைப் போத்தல் உடையும். போங்கோ, நான் இதைப் பாக்கிறன்."

"உனக்கு உதைப் பற்றி என்ன தெரியும்?"

"நாற்பது வருசமா வீட்டில விளக்கேத்தினது ஆர்? நீங்களே?"

"துலைஞ்சுபோனாய் எண்டுதான் நினைச்சன், வாய் மட்டும் துலையேல்லை" என்று முணுமுணுத்துக்கொண்டு படியில் இறங்கினார். மறதிக்காரி, பாக்கை யாராவது பிறத்தியாரிடம் கொடுப்பார்களா, அதுவும் குளிசை வைத்த பாக்கை என்று திட்டிக்கொண்டே வளைந்து வளைந்து போனார். கடைசிப் படியில் கதவைத் திறந்தார். காலில் புல் குத்தியது.

சுதர்சன் பாக்கை நெஞ்சோடு அணைத்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றான். "அங்கிள்... கீழ வந்துட்டீங்க!"

"பாக் எடுக்க வந்தனான். தா இஞ்ச." வாங்கித் திறந்து, குளிசைகளை ஒரு தரம் சரிபார்த்தார். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். வெளிச்சவீடு மேலே போய்க்கொண்டே இருந்தது. உச்சியில், வெளித்தட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சின்ன விரலளவில் மனுசி நின்றாள். செருப்பு வாசலில் சோடியாக இருந்தது. போட்டார். வெயிலில் காய்ந்து விறைத்துப்போயிருந்தது, ஆனால் அவருடைய காலுக்குப் பொருந்தியது.

"இறங்கி வா!" என்று கத்தினார்.

"ஏலாதெண்டு நினைக்கிறன்!"

"இறங்கிப் பாத்தனியே?"

"பிறகு பாப்பம்! பாக்கை வாளியில வையுங்கோ!"

"போத்தல் உடையும் எண்டனி?"

"மெல்லமா இழுப்பன்!"

சுதர்சன் ஓடி ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க வந்தான். "ஆன்ட்டி இன்னும் ட்ரையே பண்ணல அங்கிள். சேரைக் கடல் பக்கமாத் திருப்பிப் போட்டு உக்காந்திருக்காங்க. ஓணானுக்கு ரோல்ஸ் குடுக்கறாங்க."

அருளம்பலம் வாசலுக்குப் போனார். முதற்படியில் ஒரு காலை வைத்தார். சுவரிலிருந்து அந்தக் குளிர் வந்து முகத்தில் அடித்தது, மூன்று வருடம் நெற்றியை வைத்து நின்ற குளிர். காலை எடுத்துவிட்டார். ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தார். மேலேயிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வாளியை இறக்கினாள். அதற்குள் கறுப்பு வில்லையும் ரயில் அட்டையும் இருந்தன. "கவனம், துலைச்சுப்போடாதையுங்கோ! ஒருத்தற்ற கையிலயும் குடுக்காதையுங்கோ!" என்று கயிறு முடியும்வரை கத்தினாள். அவர் வில்லையை இடுப்பு நூலில் கட்டிக்கொண்டு பாக்கை வாளியில் வைத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை வருவன்! சொதி வைக்கச் சொல்லுவன் பிரவீணாட்ட!"

"பிரவீணாவின்ர சொதி வாயில வைக்கேலாது! நீங்களே வையுங்கோ! தேங்காய்ப்பால் மா பெட்டி குசினியில மேல்தட்டில!"

படியை ஆரோ திருத்தியிருக்கிறான்கள் என்று அருளம்பலம் சுதர்சனிடம் சொன்னார். சொல்லாமல் கொள்ளாமல் திருத்தியிருக்கிறான்கள், கேட்டால் இல்லை என்பான்கள். சுதர்சன் ஆமா அங்கிள் என்றான். அவள் இறங்க ஏலாமல் இருக்கிறாள் என்பதையும் அவர் நம்பவில்லை. மூன்று வருடம் இருந்து பார்த்த ஆளுக்குத் தெரியாதா? பல்கனியில் ரயில் பார்த்தவள், இப்போது கப்பல் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

பஸ் எங்கே நிற்கும் என்று அவருக்குத் தெரியாது. ஆரையும் கேட்டால் பிழையான வழி சொல்லி அனுப்புவார்கள் என்று ஒருவரையும் கேட்கவில்லை. தெருவுக்கு வந்து இடது பக்கம் திரும்பினார். நடைபாதையில், அந்த மத்தியான வெயிலில், வெயிலைவிட மஞ்சளாக, மேலே விளக்கறையிலிருந்து வந்த ஒரு வெளிச்சத் துண்டு அவருக்கு முன்னால் விழுந்து, வலது பக்கம் நகர்ந்து நின்றது. அவர் அதை மிதித்துப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். அது பொறுமையாக நின்றது. "கார்க் கண்ணாடி பட்டுத் தெறிக்குது," என்றார். சிட்னியில் அன்றைக்கு அந்த வெளிச்சத்தை அந்தத் தெருவிலே நாய் கொண்டு போனவர்களும் கண்டார்கள், ஒதுங்கி வழிவிட்டார்கள், போனார்கள். தூரத்தில், இந்தக் கடலில் இல்லாத ஒரு கப்பல் இரண்டு தரம் ஊதியது. அருளம்பலம் திரும்பிப் பார்க்காமல், இடுப்பு நூலில் வில்லை இருக்கிறதா என்று ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு, நம்பாமலே வலது பக்கம் நடந்தார்.